பச்சை கன்வெர்ட்டர் மாட்டினால் மவுஸ் ஓடுமா?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மவுஸ் தொல்லைதான். கம்ப்யூட்டர் பழசு, கடையில் கிடைக்கும் மவுஸ் புதுசு, இரண்டுக்கும் நடுவில் நம் வாசகர்கள் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இந்த முறை மவுஸை மட்டும் எடுத்துக்கொண்டேன். வைரஸ், பாஸ்வேர்டு பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: வணக்கம் சார். எங்கள் ரைஸ் மில்லில் லாரி எடை மேடைக்கு ஒரு பழைய பென்டியம் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, விண்டோஸ் 98. எடை காட்டும் பெட்டியிலிருந்து வரும் வயர் பின்பக்கம் 9 பின் சாக்கெட்டில் இருக்கிறது. மவுஸ் வயர் ஒரு சின்ன கன்வெர்ட்டர் வழியாக 25 பின் சாக்கெட்டில் இருந்தது. போன வாரம் மவுஸ் வயரை எலி கடித்துவிட்டது (சிரிக்க வேண்டாம், நிஜ எலி). புது யுஎஸ்பி மவுஸ் வாங்கினேன். கடைக்காரர் பச்சைக் கலரில் ஒரு உருண்டை கன்வெர்ட்டரும், அதற்குப் பின்னால் மாட்ட 9 பின் கன்வெர்ட்டர் ஒன்றும் கொடுத்தார். ஏற்கெனவே இருந்த 25 பின் கன்வெர்ட்டரையும் சேர்த்து மாட்டினால் ரயில் பெட்டி மாதிரி நீளுகிறது, ஆனால் மவுஸில் சிவப்பு லைட்கூட எரியவில்லை. மவுஸ் பழுதா, போர்டு பழுதா? (ஒரு வாசகர், ஆரணி)

பதில்: இரண்டும் பழுதில்லை ஐயா. முதலில் ஒன்று கேட்கிறேன், எலி கடித்த அந்தப் பழைய மவுஸைக் குப்பையில் போட்டுவிட்டீர்களா? போட்டிருந்தால் இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு உடனே போய் எடுத்து வாருங்கள். உங்கள் கம்ப்யூட்டருக்கு அதுதான் சரியான மவுஸ். ஏன் என்று சொல்கிறேன்.

அந்தப் பச்சை கன்வெர்ட்டரை நான் ஒருமுறை ஹேக்ஸா பிளேடால் பிளந்து பார்த்திருக்கிறேன். உள்ளே ஏதோ ஐசி இருக்கும், அது யுஎஸ்பியை பிஎஸ்/2-ஆக (மவுஸ், கீபோர்டுக்கான பழைய உருண்டை சாக்கெட் முறை) மாற்றிக் கொடுக்கும் என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன். நாலே நாலு கம்பி இருந்தது, அவ்வளவுதான். 5 வோல்ட்டுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று, யுஎஸ்பியின் இரண்டு டேட்டா கம்பிகளை பிஎஸ்/2-வின் டேட்டா, கிளாக் என்ற இரண்டு பின்களோடு சேர்க்க இரண்டு. அதாவது அது எதையும் மாற்றிக் கொடுக்காது, பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும். மாற்றுகிற வேலை முழுக்க மவுஸுக்குள்ளே நடந்தாக வேண்டும். ஒரு காலத்தில் மவுஸோடு பெட்டியிலேயே இந்தப் பச்சைக் கன்வெர்ட்டரைப் போட்டுக் கொடுப்பார்கள், அந்த மவுஸ்களுக்கு இரண்டு பாஷையும் தெரியும். கரண்ட் வந்தவுடன் இரண்டு டேட்டா கம்பிகளையும் பார்க்கும். பிஎஸ்/2 போர்ட் என்றால் போர்டு அந்த இரண்டையும் மேலே இழுத்து வைத்திருக்கும், யுஎஸ்பி என்றால் கீழே இழுத்து வைத்திருக்கும், அதை வைத்து எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு அந்தப் பாஷையில் பேச ஆரம்பிக்கும். இன்றைக்குக் கடையில் விற்கும் மவுஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு யுஎஸ்பி மட்டும்தான் தெரியும். கன்வெர்ட்டரை மாட்டினால் லைட் எரியலாம், ஏனென்றால் 5 வோல்ட் கிடைத்துவிடுகிறது, ஆனால் அம்பு நகராது.

உங்களுக்கு லைட்டே எரியவில்லை. அதற்குக் காரணம் வேறு. 9 பின் சீரியல் போர்ட்டில் 5 வோல்ட் சப்ளை என்று தனியாக ஒரு பின்னே கிடையாது. அது மோடத்துக்காக வந்த போர்ட், மோடத்துக்குத் தனி அடாப்டர் இருக்கும். சீரியல் மவுஸ் செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். 4-ஆம் பின், 7-ஆம் பின் இரண்டும் 'நான் தயார்', 'நீ அனுப்பலாம்' என்று சைகை காட்டுவதற்கான கம்பிகள், டிரைவர் ஓடும்போது இரண்டிலும் பிளஸ் 10 வோல்ட் வாக்கில் இருக்கும். அந்தச் சைகைக் கம்பியிலிருந்தே கொஞ்சம் கரண்டைத் திருடி மவுஸ் பிழைத்துக்கொள்ளும். கிடைப்பது சில மில்லிஆம்பியர்தான். உருண்டை போட்ட பழைய மவுஸுக்கு அது போதும், சிவப்பு லைட்டும் கேமராவும் வைத்த ஆப்டிகல் மவுஸுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. கடைக்காரர் கொடுத்த 9 பின் கன்வெர்ட்டரும் வெறும் கம்பிதான், மவுஸுக்கு சீரியல் பாஷையும் தெரிந்திருந்தால்தான் அது வேலை செய்யும். பிஎஸ்/2-வும் சீரியலும் தெரிந்த மவுஸ்கள் 90-களில் நிறைய இருந்தன, யுஎஸ்பியும் சீரியலும் தெரிந்ததை நான் பார்த்ததில்லை. அதனால் உங்கள் ரயில் எத்தனை பெட்டி சேர்த்தாலும் கிளம்பாது. பச்சையையும் 9 பின்னையும் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கப் பாருங்கள்.

சரி, பழைய மவுஸைக் கொண்டுவந்துவிட்டீர்களா? கடித்த இடத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் தள்ளி வயரை வெட்டி எறியுங்கள், எலி பல் பட்ட இடத்துக்கு வெளியேயும் உள்ளே கம்பி அறுந்திருக்கும். மேல் தோலை உரித்தால் நாலைந்து மெல்லிய கம்பிகள் வரும். ஒரே வயரின் இரண்டு முனைதான் என்பதால் யோசிக்கவே வேண்டாம், நிறத்துக்கு நிறம் சேர்த்தால் போதும். முறுக்கி டேப் ஒட்டினால் ஒரு மாதம் ஓடும், ஈயம் வைத்தால் வருஷக்கணக்கில் ஓடும். எல்லாச் சேர்ப்பையும் ஒரே இடத்தில் வைக்காமல் அரை அங்குலம் முன்னே பின்னே வைத்துச் சேருங்கள், டேப் நழுவினாலும் ஒன்றோடொன்று உரசாது. ஊரில் ரேடியோ, மிக்சி பழுது பார்ப்பவர் யாரிடம் கொடுத்தாலும் பத்து நிமிஷத்தில் செய்து கொடுப்பார்.

மவுஸ் போயே போய்விட்டது என்றால், கடையில் 'சீரியல் மவுஸ்' என்று அழுத்திக் கேளுங்கள், வயரின் முனையிலேயே 9 துளை பிளக் இருக்க வேண்டும். புதுக் கடைகளில் கிடைக்காது. சென்னைப் பக்கம் யாராவது போனால் ரிச்சி தெருவில் பழைய சாமான் வைத்திருக்கும் சின்னக் கடைகளில் விசாரிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடை. சில மவுஸுக்கு அடிவயிற்றில் எம்எஸ், பிசி என்று இரண்டு பக்கம் தள்ளும் சின்ன ஸ்விட்ச் இருக்கும். எம்எஸ் பக்கம் வையுங்கள், அதுதான் விண்டோஸ் எதிர்பார்க்கும் மைக்ரோசாஃப்ட் முறை. பிசி பக்கம் மவுஸ் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியின் முறை, மூன்று பட்டனுக்கு. ஸ்விட்ச் தப்பான பக்கம் இருந்ததால் நல்ல மவுஸைச் செத்ததாக நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் ஏராளம்.

மாட்டும்போது கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டு மாட்டுங்கள். விண்டோஸ் 98 ஸ்டார்ட் ஆகும்போது அந்த சைகைக் கம்பியைத் தட்டி எழுப்பிப் பார்க்கும், மவுஸ் இருந்தால் 'எம்' என்ற ஒரு எழுத்தைப் பதிலாக அனுப்பும். அதுதான் ஆஜர் சொல்வது. ஸ்டார்ட் ஆன பிறகு மாட்டினால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

25 பின் சாக்கெட் பற்றி ஒரு எச்சரிக்கை. உங்கள் கம்ப்யூட்டருக்குப் பின்னால் இரண்டு 25 பின் சாக்கெட் இருக்கும். ஊசி நீட்டிக்கொண்டிருப்பது சீரியல், துளைகளாக இருப்பது பிரிண்டர் போர்ட். எடைச் சீட்டு அடிக்கும் பிரிண்டர் துளை உள்ளதில் இருக்கிறதல்லவா, அதைத் தொடாதீர்கள். சீரியல் போர்ட்களைக் கம்ப்யூட்டர் காம் 1, காம் 2 என்று எண் போட்டு அழைக்கும். இப்போது இருக்கிறபடி எடைப் பெட்டி காம் 1, மவுஸ் காம் 2 என்பதுதான் சரியான ஏற்பாடு. யாராவது வந்து 'இன்னொரு கார்டு போட்டு மவுஸை காம் 3-க்கு மாற்றலாம்' என்றால் விடாதீர்கள். பழைய கம்ப்யூட்டரில் காம் 1-ம் காம் 3-ம் ஐஆர்கியூ 4 என்ற, கம்ப்யூட்டரைக் கூப்பிடும் ஒரே மணியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, காம் 2-க்கும் காம் 4-க்கும் ஐஆர்கியூ 3. மவுஸை அசைத்தால் எடை நின்றுபோகும், லாரிக்காரர் கத்துவார், காரணம் யாருக்கும் புரியாது.

எல்லாம் செய்தும் ஓடவில்லை என்றால் மவுஸா போர்ட்டா என்று கண்டுபிடிக்க ஒரு வழி. ஸ்டார்ட் மெனுவில் ஆக்சசரிஸில் ஹைப்பர் டெர்மினல் இருக்கும். காம் 2, வேகம் 1200, டேட்டா பிட் 7, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1 என்று கொடுத்துத் திறந்து மவுஸை அசையுங்கள். நல்ல மவுஸ், நல்ல போர்ட் என்றால் திரையில் கன்னாபின்னாவென்று எழுத்துகள் கொட்டும். மவுஸ் ஒவ்வொரு அசைவுக்கும் மூன்று எழுத்து அனுப்புகிறது, எந்தப் பட்டன் அழுந்தியிருக்கிறது, இடது வலது எவ்வளவு, மேல் கீழ் எவ்வளவு என்று. 1200 வேகத்தில் நொடிக்கு 40 தடவைதான் சொல்ல முடியும், சீரியல் மவுஸின் அம்பு கொஞ்சம் தத்தித் தத்திப் போவது அதனால்தான். 'போர்ட்டை வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள்' என்று வந்தால் சந்தோஷப்படுங்கள், விண்டோஸே மவுஸைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டுவிட்டது. ஒன்றுமே வராவிட்டால், கேபினெட்டைத் திறந்து போர்டிலிருந்து 25 பின் சாக்கெட்டுக்குப் போகும் ரிப்பன் கேபிள் கழன்றிருக்கிறதா பாருங்கள். ஆனால் வேறு கம்ப்யூட்டரிலிருந்து கேபிளைக் கழற்றி மாட்டாதீர்கள். போர்டில் அது மாட்டும் 10 ஊசி ஒரே மாதிரிதான் இருக்கும், ஊசிகளின் வரிசை மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி இரண்டு விதமாக இருந்தது. தப்பான ஜோடியைச் சேர்த்தால் எல்லாம் பொருந்தும், எதுவும் ஓடாது.

கடைசியாக, புது மவுஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ஒரு பிசிஐ யுஎஸ்பி கார்டு போடலாம், விண்டோஸ் 98 யுஎஸ்பி மவுஸை ஏற்றுக்கொள்ளும், சிடி கேட்கும், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய போர்டின் பிசிஐ ஸ்லாட்டில் 3.3 வோல்ட் வராமல் இருந்தால் சில கார்டுகள் உயிர் பெறாது என்பதால், 'ஓடாவிட்டால் திருப்பித் தருவேன்' என்று பேசி வாங்குங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் வயரை ஒட்டிவிட்டு, எலிப்பொறி ஒன்று வாங்குவேன்.

கேள்வி: எங்கள் போர்டில் கீபோர்டுக்குப் பெரிய உருண்டை சாக்கெட் ஒன்றுதான் வெளியே தெரிகிறது. உள்ளே அதன் பக்கத்தில் 'பிஎஸ்/2 மவுஸ்' என்று பொடி எழுத்தில் எழுதி ஐந்து ஊசி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் மவுஸ் மாட்ட முடியுமா? (ஒரு வாசகர், கரூர்)

பதில்: முடியும், அது அதற்காகத்தான் இருக்கிறது. 90-களின் நடுவில் வந்த ஏடி வகை போர்டுகளில் இது நிறைய உண்டு. ஒரு தகடு, அதில் 6 பின் உருண்டை சாக்கெட், அதிலிருந்து ஒரு குட்டி வயர் என்று தனியாக விற்பார்கள், அதைத்தான் ஐந்து ஊசியில் மாட்ட வேண்டும். போர்டோடு வந்த தகடு இருந்தால் யோசிக்காமல் மாட்டுங்கள். வேறு போர்டின் தகடு என்றால் நிறுத்துங்கள். எந்த ஊசி 5 வோல்ட், எந்த ஊசி எர்த் என்பதில் கம்பெனிகளுக்குள் ஒற்றுமையே கிடையாது, மாற்றி மாட்டினால் மவுஸ் முனகாமல் செத்துப்போகும், சில சமயம் போர்டின் ஃபியூசையும் கூட அழைத்துக்கொண்டு போகும். போர்டின் கையேட்டைத் தேடுங்கள், பழைய கையேடுகளை இணையத்தில் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். கிடைக்காவிட்டால் மல்டிமீட்டரால் 5 வோல்ட்டையும் எர்த்தையும் அளந்து உறுதி செய்த பிறகு மட்டும் கை வையுங்கள். அப்புறம் பயாஸில் போய் பிஎஸ்/2 மவுஸ் என்று இருக்கும் வரியை எனேபிள் ஆக்குங்கள். ஐஆர்கியூ 12 அதற்கு வேண்டும், சவுண்டு கார்டோ நெட்வொர்க் கார்டோ அதைப் பிடித்து வைத்திருந்தால் மவுஸ் வராது.

கேள்வி: அண்ணா, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஎஸ்/2 மவுஸைப் பிடுங்கித் திரும்ப மாட்டினேன். மாட்டும்போது கொஞ்சம் முரண்டு பிடித்தது, அழுத்தினேன். அதிலிருந்து மவுஸும் இல்லை, கீபோர்டும் இல்லை. யுஎஸ்பியில் இப்படிச் செய்தால் ஒன்றும் ஆகாதே? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: யுஎஸ்பியை ஓடும்போது பிடுங்குவதற்கென்றே செய்திருக்கிறார்கள் தம்பி. பிஎஸ்/2 ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்தது, ஆஃப் செய்துவிட்டு மாட்டுவார்கள் என்று நம்பிச் செய்தது. பெரும்பாலும் ஓடும்போது மாட்டினாலும் ஒன்றும் ஆகாது, மவுஸ் மட்டும் ரீஸ்டார்ட் செய்யும்வரை வராது. ஆனால் நீ கடைசியில் எழுதியிருக்கிறாயே, 'அழுத்தினேன்' என்று, அங்கேதான் கதை இருக்கிறது.

முதலில் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார். ஆறு ஊசியில் ஒன்று படுத்திருக்கும். ரெனால்ட்ஸ் மாதிரி பேனாவின் தீர்ந்துபோன ரீஃபிலில் முனையைப் பிடுங்கிவிட்டு, அந்தக் குழாயைப் படுத்த ஊசியின்மேல் செருகி மெதுவாக நிமிர்த்து. இடுக்கியால் நிமிர்த்தாதே, ஒடியும். நான் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கப் போய்க்கொண்டிருந்த சென்டரில் இருபது மெஷின், மாதத்துக்கு ஐந்தாறு பிளக்காவது இந்த ரீஃபில் வைத்தியத்துக்கு வரும். ஒருநாள் நானே மேசைக்கு அடியில் கையை விட்டு, பார்க்காமல், அழுத்தித் திருப்பி மாட்டியதில் ஒரு மெஷினின் கீபோர்டும் மவுஸும் ஒன்றாகப் போய்விட்டன, உனக்கு ஆன மாதிரியே. யாரிடமும் சொல்லவில்லை. 'இந்த மெஷின் ரிப்பேர்' என்று ஒரு சீட்டு எழுதி மானிட்டர்மேல் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரண்டும் ஒன்றாகப் போனது நல்ல அறிகுறி. இரண்டு சாக்கெட்டுக்கும் 5 வோல்ட் பெரும்பாலும் ஒரே ஃபியூஸ் வழியாக வருகிறது. வளைந்த ஊசி எர்த்தைத் தொட்டதும் ஃபியூஸ் விழுந்திருக்கும். சாக்கெட்டில் 4-ஆம் பின்னுக்கும் 3-ஆம் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டர் 5 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஃபியூஸ். சில போர்டில் தானே ஆறித் திரும்ப வரும் வகை, அரை மணி நேரம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போட்டுப் பார். வராவிட்டால், சாக்கெட்டுக்குப் பக்கத்தில் எஃப் 1, எஃப் 2 என்று எழுதிய அரிசி அளவு பொருள்தான் அது, மாற்றித் தரச் சொல். கம்பியை வைத்து ஷார்ட் செய்து கொடுக்கிறேன் என்பார்கள், வேண்டாம், அடுத்த தடவை எரிவது போர்டாக இருக்கும். 5 வோல்ட் இருந்தும் இரண்டும் வரவில்லை என்றால் போர்டின் கீபோர்டு கன்ட்ரோலர் போயிருக்கலாம், அப்போது யுஎஸ்பி கீபோர்டு, யுஎஸ்பி மவுஸ் வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்று, இரண்டு சாக்கெட்டும் ஒரே வடிவம் என்பதால் மாற்றி மாட்டிவிட்டுப் பதறி எழுதுகிறவர்களும் உண்டு. பச்சை மவுஸுக்கு, ஊதா கீபோர்டுக்கு. மாற்றி மாட்டினால் எரியாது, வேலை செய்யாது, அவ்வளவுதான். கலர் போடாத பழைய போர்டு என்றால் பக்கத்தில் அச்சடித்த குட்டிப் படத்தைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் கம்ப்யூட்டர் அவ்வளவு பழசில்லை, 2016-இல் வாங்கியது. ஒரு பழைய சாஃப்ட்வேருக்காக விண்டோஸ் 7 போடப் பார்க்கிறேன். பயாஸில் யுஎஸ்பி மவுஸ் நன்றாக ஓடுகிறது, விண்டோஸ் 7 இன்ஸ்டால் திரை வந்ததும் மவுஸும் கீபோர்டும் செத்துவிடுகின்றன. என்ன மாயம்? (ஒரு வாசகி, திருப்பூர்)

பதில்: மற்றவர்களுக்குப் போர்டு பழசு, உங்களுக்கு விண்டோஸ் பழசு. இன்டெல் 2015-இல் கொண்டுவந்த 100 வரிசை சிப்செட்களிலிருந்து பழைய யுஎஸ்பி 2 கன்ட்ரோலரை எடுத்துவிட்டது, எல்லா யுஎஸ்பி சாக்கெட்டும் புது வகைக் கன்ட்ரோலர் வழியாகத்தான் போகும். விண்டோஸ் 7 சிடியில் அதற்கு டிரைவர் கிடையாது. பயாஸ் தன் சொந்த டிரைவரை வைத்துக்கொண்டு மவுஸை ஓட்டுகிறது, விண்டோஸ் பொறுப்பை எடுத்துக்கொண்டதும் கைவிட்டுவிடுகிறது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் பாதி ஊதா, பாதி பச்சையாக ஒரு உருண்டை சாக்கெட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வீட்டு அட்டத்தில் கிடக்கும் பழைய பிஎஸ்/2 கீபோர்டை அதில் மாட்டினாலே போதும், இன்ஸ்டால் முழுவதையும் டேப், என்டர் வைத்தே முடித்துவிடலாம், பிறகு யுஎஸ்பி டிரைவரைப் போடுங்கள். சாக்கெட் இல்லையென்றால் டிரைவரை முன்கூட்டியே சேர்த்த இன்ஸ்டால் பென்டிரைவ் செய்ய வேண்டும், போர்டு கம்பெனிகள் அதற்கென்றே கருவி கொடுத்தன.

கேள்வி: பரணில் கிடந்த 486 கம்ப்யூட்டரை இறக்கி டாஸ் போட்டிருக்கிறேன், பேரனுக்குப் பழைய கேம் காட்டுவதற்காக. சீரியல் மவுஸ் கைவசம் இருக்கிறது. மவுஸ் டிரைவர் 'மவுஸ் இல்லை' என்கிறது. போர்டில் கீபோர்டு சாக்கெட் பக்கம் பச்சையாகப் பாசி மாதிரி படிந்திருக்கிறது. (ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: மவுஸை விடுங்கள் ஐயா, முதலில் அந்தப் பாசியைக் கவனியுங்கள், அது பேட்டரி கசிவு. அந்தக் காலத்து போர்டுகளில் நேரம் காக்க 3.6 வோல்ட்டில் ஒரு பீப்பாய் வடிவ நிக்கல் பேட்டரியை போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள், பெரும்பாலும் கீபோர்டு சாக்கெட்டுக்குப் பக்கத்தில். வருஷக்கணக்கில் பரணில் கிடந்தால் அது கசிந்து செம்புக் கோடுகளைத் தின்றுவிடும். இன்னும் போட்டுப் பார்க்காதீர்கள். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, காது குடையும் பட்ஸில் வெள்ளை வினிகர் தொட்டு அந்த இடத்தைத் துடையுங்கள், கசிந்தது காரம் என்பதால் வினிகரின் புளிப்பு அதை அடக்கும், லேசாக நுரைக்கும். பிறகு சுத்தமான தண்ணீர், அப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால், ஒருநாள் முழுக்கக் காயவிடுங்கள். கீபோர்டு வேலை செய்கிறது என்றால் அதிர்ஷ்டசாலி.

இனி மவுஸ். 486-இல் பெரும்பாலும் சீரியல் போர்ட் போர்டில் இருக்காது, ஹார்டு டிஸ்க், பிளாப்பி, பிரிண்டர் எல்லாம் சேர்ந்த ஒரு கார்டில் இருக்கும், அதில் ஜம்பர் (ஊசிகளை இணைக்கும் குட்டி மூடி) கூட்டம். காம் 1 என்றால் முகவரி 3எஃப்8, ஐஆர்கியூ 4 என்று இருக்க வேண்டும். யாரோ எப்போதோ டிஸேபிள் செய்து வைத்திருப்பார்கள். கார்டின் மேலேயே ஜம்பர் அட்டவணை அச்சடித்திருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) மாற்றியிருந்தால் அதில் மைனஸ் 12 வோல்ட் வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், சீரியல் போர்ட்டுக்கு அது வேண்டும். டிரைவருக்கு க்யூட்மவுஸ் என்று ஒன்று இருக்கிறது, ஃப்ரீடாஸ் என்ற டாஸோடு வருகிறது, இலவசம், சில கிலோபைட் நினைவகம் மட்டும் எடுத்துக்கொள்ளும். பழைய கேம்களுக்கு 640 கிலோபைட்டில் ஒவ்வொரு கிலோவும் முக்கியம். சிடிமவுஸ் (CTMOUSE) என்று அடித்து ஒரு இடைவெளி விட்டு ஸ்லாஷ் எஸ் கொடுத்தால் சீரியலில் மட்டும் தேடும். கிடைத்துவிட்டால் அந்த வரியை ஆட்டோஎக்ஸெக் ஃபைலில் போட்டுவிடுங்கள், பேரன் ஒவ்வொரு முறையும் அடிக்க வேண்டாம்.

கேள்வி: வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவரைப் பச்சை கன்வெர்ட்டரில் மாட்டலாமா? (ஒரு வாசகர், வேலூர்)

பதில்: மாட்டலாம். ஓடாது. முதல் பதிலைப் படியுங்கள். யுஎஸ்பி மவுஸை பிஎஸ்/2 போர்ட்டில் ஓட்ட உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் உண்டு, ராஸ்பெர்ரி பை பிக்கோ போர்டை வைத்து வீட்டிலேயே செய்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் கடையில் நாற்பது ரூபாய்க்குத் தரும் பச்சைக் குப்பி அது இல்லை. வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய பிஎஸ்/2 கீபோர்டைப் புது யுஎஸ்பியில் மாட்டும் கன்வெர்ட்டர்தான் அதிகம் கிடைக்கும், இரண்டு வால் வைத்திருக்கும். அதைத் திருப்பி மாட்ட முடியாது, போகும் திசை வேறு.

கேள்வி: 'மவுஸ், மவுஸ்' என்றே எழுதுகிறீர்களே, 'சுட்டி' என்று எழுதினால் என்ன? (ஒரு வாசகி, புதுச்சேரி)

பதில்: நல்ல சொல்தான், எனக்கும் பிடிக்கும். கடையில் போய் 'சீரியல் சுட்டி இருக்கிறதா' என்று கேட்டுவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், அடுத்த மாதத்திலிருந்து மாற்றிக்கொள்கிறேன்.

கேள்வி: பழைய மவுஸ் தேடிக் கிடைக்க ஒரு வாரம் ஆகும் போலிருக்கிறது. அதுவரை பில் போட வேண்டும், மவுஸ் இல்லாமல் விண்டோஸை ஓட்ட முடியுமா? (மளிகைக் கடைக்காரர், விருதுநகர்)

பதில்: தாராளமாக. இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் (Num Lock) மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், 'மவுஸ் கீஸ்' என்று கேட்கும், ஓகே கொடுங்கள். விண்டோஸ் 98 என்றால் ஆக்ஸசபிலிட்டி ஆப்ஷன்ஸ் முன்பே போட்டிருக்க வேண்டும். அதன்பிறகு கீபோர்டின் வலது பக்க நம்பர் பட்டன்கள்தான் மவுஸ். 8 மேலே, 2 கீழே, 4 இடது, 6 வலது, மூலைக்கு மூலை போக 7, 9, 1, 3. 5-ஐத் தட்டினால் கிளிக், பிளஸ் தட்டினால் டபுள் கிளிக். சைபர் அழுத்தினால் இழுத்துப் பிடித்த மாதிரி, புள்ளி அழுத்தினால் விட்ட மாதிரி. மைனஸை ஒருமுறை தட்டிவிட்டு 5-ஐத் தட்டினால் ரைட் கிளிக், திரும்ப வர ஸ்லாஷ். இரண்டு நாளில் கை பழகிவிடும், ஆனால் பில்லில் தொகை அடிக்கும்போது எழுத்துகளுக்கு மேலே இருக்கும் நம்பர் வரிசையில் அடியுங்கள், இல்லையென்றால் நீங்கள் 486 ரூபாய் என்று அடிக்க, அம்பு திரையில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும்.